வாட்டர் பம்பு சொட்டுதா? வண்டி வழியில் நிற்கும் முன் மாற்றிவிடுவோம்



காய்கறி, பூ, பால் கேன், மாட்டுத் தீவனம், செங்கல் என்று சரக்கு ஏற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. புது வண்டி கட்டுப்படியாகாது. அதனால் பத்து, பன்னிரண்டு வருசம் ஓடிய பழைய பிக்கப் வண்டியைக் கடன் போட்டு வாங்குகிறோம். கடன் நம் பேரில். தவணை கட்டுவது நம் கை. ஆனால் வண்டியின் பானெட்டைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்?

"பம்பு போயிடுச்சு, பணம் குடுங்க" என்று ஓட்டுநர் வந்து நிற்பார். எந்தப் பம்பு, எதற்கு இருக்கிறது, ஏன் போனது, இவ்வளவு செலவாகுமா என்று கேட்க நமக்குத் தெரியாது. கேட்காமலே பணத்தை எடுத்துக் கொடுப்போம். இல்லை, "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவோம். இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. வாட்டர் பம்பைத் தள்ளிப்போட்டால் இன்ஜினே போகும்.

இந்த வேலை வீட்டு வாசலில், கைச் சாமான்களை வைத்தே, ஒரு பகல் பொழுதில் முடிகிற வேலை. நாமே செய்யலாம். வீட்டில் கைப்பழக்கம் உள்ள ஒருவரைக் கூட வைத்துக்கொண்டும் செய்யலாம். மெக்கானிக்கிடமே விட்டாலும், பக்கத்தில் நின்று சரியான கேள்வி கேட்க இது உதவும். "பொம்பளைங்களுக்கு ஸ்பேனர் வேலை எதுக்கு" என்று யாராவது கேட்டால் ஒன்று சொல்லுங்கள். உத்தரப்பிரதேசம் பாந்தா மாவட்டத்தில் 1990களில் மகிளா சமக்யா திட்டத்தில் கிராமத்துப் பெண்கள் அடிபம்பு பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு, ஊர் ஊராகப் போய் வேலை செய்தார்கள்.

வாட்டர் பம்பு என்ன வேலை செய்கிறது?

டீசல் எரியும்போது வரும் சூட்டில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீருக்குப் போகிறது. மீதி புகையோடு வெளியே போகிறது. தண்ணீருக்கு வந்த சூட்டை அப்போதைக்கப்போது வெளியேற்றாவிட்டால் இன்ஜின் உருகாத குறைதான்.

சூடான தண்ணீர் இன்ஜினிலிருந்து மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போகும். அங்கே மெல்லிய குழாய்களில் இறங்கும்போது பேன் காற்றில் ஆறும். ஆறிய தண்ணீர் கீழ் ஹோஸ் வழியாகத் திரும்ப இன்ஜினுக்கு வரும். இதை ஓயாமல் சுற்றவிடுவதுதான் வாட்டர் பம்பு. உள்ளே ஒரு சின்ன விசிறிச் சக்கரம், அதைத் தாங்க பேரிங், தண்ணீர் வெளியே வராமல் தடுக்க ஒரு சீல், வெளியே ஒரு புல்லி. அவ்வளவுதான் பம்பு. இன்ஜின் ஓடும்போது பெல்ட் அந்தப் புல்லியைச் சுற்றும்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை. நம் வீட்டுக் குக்கர் மாதிரி. குக்கரில் வெயிட் போட்டால் உள்ளே அழுத்தம் கூடி, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் அதற்கு மேலும் சூடாகும். இங்கேயும் அதே கதை. பல வண்டிகளில் இந்த மூடி ஏறத்தாழ 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 115 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால், விசில் அடங்காத குக்கரைத் திறந்தது போல முகத்தில் அடிக்கும். எந்த அவசரத்திலும் சூட்டில் மூடியைத் தொடக்கூடாது.

பம்பு ஏன் கெடுகிறது?

முதல் காரணம் நம் போர்வெல் தண்ணீர். உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் அல்லவா? ரேடியேட்டரிலும் பம்பு சீலிலும் அதே உப்புதான் படிகிறது. சீல் தேய்ந்து சொட்ட ஆரம்பிக்கும். துருவும் சேர்ந்தால் விசிறிச் சக்கரத்தையே அரித்துவிடும்.

இரண்டாவது, பெல்ட்டை அளவுக்கு மேல் இறுக்குவது. அப்போது பேரிங் மீது எப்போதும் இழுப்பு இருந்துகொண்டே இருக்கும். சீக்கிரம் ஆட ஆரம்பிக்கும்.

மூன்றாவது, தண்ணீர் குறைந்ததைப் பார்க்காமல் ஓட்டுவது. சீலுக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி. காய்ந்து ஓடினால் கருகிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

காலையில் வண்டி எடுக்கும் முன், இன்ஜின் ஆறியிருக்கும்போது, இவற்றைப் பாருங்க:

• பம்பின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். சீல் கெட்டால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வந்து காட்டிக்கொடுக்கத்தான் அந்தத் துளை. அங்கே சொட்டோ, வெள்ளை அல்லது பச்சைக் கறையோ இருந்தால் சீல் போயிற்று. அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைக்கச் சொல்வார்கள். கூடாது. அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய் மொத்தமும் கெடும்.
• இன்ஜின் நின்றிருக்கும்போது பேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. லேசாகக் கூட ஆடக்கூடாது. ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் ஒரு நாள் பேன் ரேடியேட்டரைக் கிழித்துவிடும்.
• இன்ஜின் முன்பக்கத்தில் 'கரகர' என்ற அரைக்கும் சத்தம்.
• டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் வழக்கத்தைவிட மேலே ஏறுவது.
• தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டி வருவது.

பம்பைக் குற்றம் சொல்லும் முன்

சூடு ஏறுகிறது என்றாலே பம்புதான் என்று முடிவு கட்டாதீங்க. புதுப் பம்பு போட்ட பிறகும் சூடு குறையாமல், பணம் போனதுதான் மிச்சம் என்று ஆகக்கூடாது. செலவு குறைந்ததை முதலில் பாருங்க.

பெல்ட் தளர்ந்தோ வெடித்தோ இருக்கிறதா? ஹோஸ் வாயில் கிளிப் தளர்ந்து கசிகிறதா? ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வாஷர் கிழிந்திருக்கிறதா? ரேடியேட்டரின் முன்பக்கம் வைக்கோல், தூசி, பூச்சி அடைத்திருக்கிறதா? தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொண்டதா? தெர்மோஸ்டாட் என்பது சூடு ஏறிய பிறகு தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு. பல வண்டிகளில் 80 டிகிரியை ஒட்டித் திறக்கும்.

இன்னொன்றும் பாருங்க. இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்க. உள்ளே சோடா போல விடாமல் குமிழ் வருகிறதா? இன்ஜின் ஆயில் பால் ஊற்றிய காபி மாதிரி இருக்கிறதா? சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை வருகிறதா? அப்படியானால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அது வீட்டில் செய்யும் வேலை இல்லை. வண்டியை எடுக்காமல் நல்ல மெக்கானிக்கை வரவழைத்துக் காட்டுங்க.

எந்த வண்டிக்கு இந்த முறை?

பழைய மகிந்திரா, டாடா பிக்கப் வண்டிகள் பலவற்றில் இன்ஜின் முன்னால் இருக்கும். பம்பு அதன் முகத்தில் இருக்கும். பேனும் பம்பு புல்லியின் மேலேயே பூட்டியிருக்கும். வெளியே தெரியும் பெல்ட்தான் அதைச் சுற்றும். இந்த அமைப்புக்குத்தான் கீழே சொல்வது. 2005இல் வந்த டாடா ஏஸ் போன்ற சின்ன வண்டிகளில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கும். அதன் அமைப்பு வேறு. சில இன்ஜின்களில் பம்பை டைமிங் பெல்ட்டே சுற்றும். அதைக் கழற்றினால் இன்ஜினின் கணக்கே மாறிவிடும். அப்படிப்பட்ட வண்டி என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்க.

என்னென்ன வாங்க வேண்டும்?

வண்டியின் மாடல், வருசம், இன்ஜின் நம்பர் மூன்றையும் ஆர்.சி. புத்தகத்தில் பார்த்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்க. ஒரே பேருள்ள வண்டியில் இரண்டு மூன்று விதமான இன்ஜின் வந்திருக்கும்.

• புதுப் பம்பு, அதற்குரிய கேஸ்கட். பழைய பம்பையே சீல், பேரிங் மாற்றித் தருவதாகச் சொல்வார்கள். பிரஸ் வைத்துச் செய்யும் வேலை அது. சரியாகச் செய்யாவிட்டால் மறுபடியும் கழற்ற வேண்டும். முடிந்தவரை புதுசே நல்லது.
• பேன் பெல்ட். வெடிப்பு இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்க.
• மேல் ஹோஸ், கீழ் ஹோஸ். அமுக்கினால் பொதபொதவென்றோ, கல் போலவோ இருந்தால் மாற்றுங்க. புது கிளிப்பும் வாங்குங்க.
• கூலன்ட். லேபிளைப் படியுங்க. 'ரெடி மிக்ஸ்' என்றால் தண்ணீர் சேர்க்கக்கூடாது. கெட்டியானது என்றால் பெரும்பாலும் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் சேர்க்க வேண்டும். பேட்டரிக் கடையில் கிடைக்கும்.
• ஸ்பேனர் செட் 8 முதல் 19 வரை, பாக்ஸ் ஸ்பேனர், திருப்புளி, கட்டிங் பிளேயர், உப்புத்தாள், பழைய துணி, அகலமான பிளாஸ்டிக் தொட்டி, ஒரு லிட்டர் அளவுக் குவளை.

பில் கேட்டு வாங்குங்க. வாரண்டி உண்டென்றால் கடை முத்திரையும் தேதியும் இருக்க வேண்டும்.

பாதுகாப்பு முதலில்

வண்டி சமதளத்தில் நிற்கட்டும். கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்க. சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்க. யாரும் ஸ்டார்ட் செய்யக்கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீங்க.

இன்ஜின் முழுசாக ஆற வேண்டும். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவதே நல்லது.

முந்தானையை இறுக்கிச் செருகி, கூந்தலைக் கொண்டை போட்டு, கழுத்துச் சங்கிலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளுங்க. வளையல், மோதிரத்தைக் கழற்றி வையுங்க. கடைசியில் இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கும்போது இது உயிர் காக்கும் விசயம்.

கூலன்ட் விசம். இனிப்பாக இருக்கும் என்பதால் நாயும் கோழியும் ஆடும் நக்கிக் குடிக்கும். குழந்தைகள் கலர் தண்ணீர் என்று வாயில் வைக்கும். தொட்டியை விட்டு நகராதீங்க. குடித்துவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கழற்றும் முறை

1. பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்க. ஸ்பேனர் தவறி எங்காவது பட்டாலும் தீப்பொறி வராது.

2. ரேடியேட்டர் மூடியைத் திறங்க. கீழே தொட்டியை வைத்து வடிகால் திருகைத் திறங்க. திருகு இல்லையென்றால் கீழ் ஹோஸைக் கழற்றி வடியவிடுங்க. வடிந்ததை லிட்டர் குவளையில் அளந்து எழுதி வையுங்க. மறுபடி எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதற்கு அது ஒரு கணக்கு.

3. ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு கெட்டி அட்டையைச் செருகுங்க. கையோ ஸ்பேனரோ பட்டு அதன் மெல்லிய தகடுகள் மடங்காமல் இருக்கும். இடம் போதவில்லை என்றால் ரேடியேட்டரையே கழற்றி ஓரமாக வைப்பது சுலபம்.

4. பேனைச் சுற்றியிருக்கும் கவரைக் கழற்றுங்க. பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே பேன் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்துங்க. பிறகு புல்லி சுற்றிக்கொண்டே இருக்கும், பிடி கிடைக்காது.

5. டைனமோவைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, டைனமோவை உள்பக்கம் தள்ளி பெல்ட்டை எடுங்க.

6. பேனைக் கழற்றும் முன் முன்பக்கம் எது என்று சாக்பீஸால் குறி போடுங்க. திருப்பிப் பூட்டினால் காற்று சரியாக இழுக்காது. பிறகு புதுப் பம்பு போட்டும் சூடு ஏறுகிறதே என்று மண்டையை உடைத்துக்கொள்வோம். சில வண்டிகளில் பேன் நடுவில் உருண்டையாக ஒரு கப்ளிங் இருக்கும். அதைப் படுக்க வைக்காமல், வண்டியில் இருந்தபடியே நிற்க வையுங்க. சிலவற்றில் அது எதிர்மரையில் இருக்கும். திரும்பவில்லை என்றால் பலம் கொடுக்கும் முன் மறுபக்கமும் திருப்பிப் பாருங்க.

7. பம்பில் சேரும் ஹோஸைக் கழற்றுங்க. ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல், லேசாக முறுக்கி அசைத்து எடுங்க.

8. இப்போது பம்பு போல்ட்டுகள். எல்லாம் ஒரே நீளம் இருக்காது. ஒரு அட்டையில் பம்பின் வடிவத்தை வரையுங்க. எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வையுங்க. பூட்டும்போது குழப்பமே வராது. நீளப் போல்ட்டைச் சின்னத் துளையில் போட்டு முடுக்கினால் இன்ஜின் உடம்பே வெடிக்கும்.

துருப்பிடித்துத் திரும்பாத போல்ட்டுக்கு முந்தின ராத்திரியே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்க. காலையில் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் முடுக்கி, மறுபடி தளர்த்தி என்று அசைத்து எடுங்க. போல்ட் உள்ளே உடைந்துவிட்டால் அத்தோடு நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

9. பம்பை மரச் சுத்தியால் லேசாகத் தட்டினால் விட்டு வரும். திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பாதீங்க. அந்தத் தளத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அங்கே கசியும்.

பூட்டும் முறை

10. பழைய பம்பையும் புதுப் பம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. போல்ட் துளைகள், புல்லி உட்காரும் இடத்தின் உயரம், உள் விசிறியின் அளவு எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் பூட்டாமல் கடைக்குக் கொண்டு போங்க. பூட்டிக் கறை பட்டபின் மாற்றித் தர மாட்டார்கள்.

11. இன்ஜின் துளையில் துணியை அடைத்துவிட்டு, ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டை மெதுவாகச் சுரண்டுங்க. கடைசியில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்து, துணியை மறக்காமல் எடுங்க. இந்த இடத்தில் அவசரப்பட்டால் மொத்த வேலையும் வீண். பூட்டிய பிறகு கசிந்தால் திரும்ப முதல் படியிலிருந்துதான்.

12. புது கேஸ்கட்டைத் துளை பார்த்து வைத்துப் பம்பைப் பொருத்துங்க. பசை தடவச் சொல்லியிருந்தால் மட்டும் மெல்லிசாகத் தடவுங்க. அதிகமாகத் தடவினால் உள்ளே பிதுங்கி ரேடியேட்டர் குழாயை அடைக்கும்.

13. எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் திருகுங்க. பிறகு எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று சுற்றில் முடுக்குங்க. ஒரே பக்கம் முழுசாக முடுக்கினால் பம்பு சாய்ந்து உட்காரும். வண்டிப் புத்தகத்தில் எவ்வளவு முடுக்க வேண்டும் என்று இருந்தால் அதுதான் கணக்கு. பொதுவாக 8 மி.மீ. தடிமன் போல்ட்டுக்கு, 25 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 8 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் அழுத்தமே போதும். முழு பலத்தையும் காட்டினால் மரை போய்விடும்.

14. பழைய குறிப்படி பேன், பெல்ட், கவர், ஹோஸ் எல்லாவற்றையும் பூட்டுங்க. பெல்ட்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு செ.மீ. இறங்க வேண்டும். கையால் பேனைச் சுற்றிப் பாருங்க, எங்கும் உரசக்கூடாது. செருகிய அட்டையை எடுத்துவிட்டீர்களா? வடிகால் திருகை மூடிவிட்டீர்களா? இரண்டையும் இன்னொருவர் சரிபார்க்கட்டும்.

தண்ணீர் ஊற்றுவதில் ஒரு விசயம்

கூலன்டை மெதுவாக ஊற்றுங்க. வேகமாக ஊற்றினால் உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும். காற்று இருக்கும் இடத்தில் தண்ணீர் போகாது. முள்ளும் சரியாகக் காட்டாது. ஊற்றும்போது மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் குமிழ் வெளியேறும்.

பேட்டரி வயரை மாட்டி, மூடி திறந்தபடியே இன்ஜினை மெதுவாக ஓடவிடுங்க. பேன் பக்கம் கையோ துணியோ போகக்கூடாது. மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்க. மட்டம் நின்றதும், தண்ணீர் சூடேறிப் பொங்கும் முன்பே மூடியை இறுக்கி மூடுங்க. சற்று நேரத்தில் மேல் ஹோஸ் சூடாகும். தெர்மோஸ்டாட் திறந்து தண்ணீர் ஓட ஆரம்பித்ததற்கு அதுவே அடையாளம். அப்போது பம்பைச் சுற்றி டார்ச் அடித்துச் சொட்டு இருக்கிறதா என்று பாருங்க.

முதலில் சரக்கு ஏற்றாமல் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி, முள்ளைப் பாருங்க. மறுநாள் காலை ஆறிய பிறகு மூடியைத் திறந்தால் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும். நிரப்புங்க. தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. புது பெல்ட் போட்டிருந்தால் சில நாளில் தளரும். மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும்.

பழைய கூலன்டைச் சாக்கடையிலோ, கிணற்றுப் பக்கமோ, வாய்க்காலிலோ ஊற்றாதீங்க. கேனில் மூடி, மேலே 'விசம்' என்று எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பழைய ஆயில் வாங்கும் பட்டறையில் கேட்டுக் கொடுங்க.

நம்பக்கூடாத யோசனைகள்

"ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டால் கசிவு நிற்கும்." வழியில் மாட்டிக்கொண்டால் சின்ன ஓட்டையை அது கொஞ்ச நேரம் அடைக்கலாம். ஆனால் அதே தூள் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். தேய்ந்த பம்பு சீலை எந்தத் தூளும் சரிசெய்யாது.

"தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுட்டா சூடே ஏறாது." இன்ஜினுக்குச் சூடு அதிகமானாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். டீசல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். கெட்டிருந்தால் புதுசு போடுங்க.

"சூடாயிடுச்சா, பச்சைத் தண்ணிய ஊத்து." கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஹெட் வெடிக்கும். வழியில் முள் சிவப்புக்குப் போனால் ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, ஒரு மணி நேரமாவது காத்திருங்க. பூ வாடினாலும் பரவாயில்லை. அன்றைய நட்டம் அன்றோடு போகும். இன்ஜின் ஹெட் வளைந்தால் அதைக் கழற்றி லேத்தில் கொடுத்துச் சரிசெய்யும் செலவு, பம்பு விலையைப் போலப் பல மடங்கு. வண்டி நிற்கிற நாளெல்லாம் வருமானமும் இல்லை. தவணை மட்டும் நிற்காமல் வரும்.

கணக்கு நோட்டில் ஒரு பக்கம்

சேமிப்புக்கும் கடனுக்கும் நோட்டு வைத்திருக்கிறோம். வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவோம். தேதி, ஓடிய கிலோமீட்டர், மாற்றிய சாமான், பில் நம்பர், வாரண்டி எதுவரை, எந்த கூலன்ட் ஊற்றினோம் என்று எழுத வேண்டும். ஒரு கூலன்டோடு வேறு வகையைக் கலக்கக்கூடாது. கலரை மட்டும் பார்த்து ஒன்றென்று நினைக்கவும் கூடாது. அதனால் பேரை எழுதி வைப்பது அவசியம்.

வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்தால், "பழைய பம்பைக் குடுத்துடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்க. அது சந்தேகத்துக்காக இல்லை, கணக்குக்காக. கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தால் பேரிங் போனதா, சீல் போனதா என்று நமக்கே தெரியும். ஓட்டுநரிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்க: "சொட்டு தெரிஞ்சா அன்னைக்கே சொல்லுங்க, திட்ட மாட்டோம்." திட்டுக்குப் பயந்து மறைத்த சொட்டுதான் கடைசியில் பெரிய செலவாக வந்து நிற்கும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் வண்டி வைத்திருப்போர் எத்தனை பேர்? காலையில் தண்ணீர் மட்டம் பார்க்கும் பொறுப்பு யாருக்கு?
2. ஆளுக்கொரு ஸ்பேனர் செட் வாங்காமல், குழுவுக்குப் பொதுவாக ஒன்று வாங்கி, எடுத்தவர் பெயரை எழுதி வைக்கலாமா?
3. வண்டிக் கடன் கொடுக்கும்போது பராமரிப்புக்கென்று மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்கத் தீர்மானம் போடலாமா?
4. யார் வீட்டிலாவது பம்பு மாற்றும் வேலை வந்தால், ஆர்வமுள்ள இரண்டு மூன்று உறுப்பினர்கள் கூட நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா?

நாளைக் காலை வண்டி கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து பேனை ஒருமுறை ஆட்டிப் பாருங்க, பம்புக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்க. விரல் ஈரமாக வந்தால், அந்த வாரமே பம்பை மாற்ற ஏற்பாடு செய்யுங்க.